ஜப்பான் காலத்தைத் துணியில் தைக்க: தென்காசி, குற்றாலம் வட்டார வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்காசி மாவட்டத்தில் போர் என்று சொன்னால் முதலில் நெற்கட்டும்செவல் ஞாபகம் வரும், அடுத்து வாசுதேவநல்லூர்க் கோட்டை. பூலித்தேவருக்கு நினைவிடம் இருக்கிறது, வருடா வருடம் விழா எடுக்கிறோம். இந்த மண்ணை இன்னொரு போரும் தொட்டது, இரண்டாம் உலகப் போர். குண்டு இங்கே விழவில்லை. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பர்மாவிலும் விழுந்தது. விழுந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கிவிட்டன. துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார்தான் அவர்கள் அதிகம் கூடி வாழ்ந்த இடம். ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்துப் பணம் அனுப்புவதே வழக்கமாக இருந்த காலத்தில், கடையநல்லூர்க்காரர்களில் பலர் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர் மேல் குண்டு போட்டன. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுக் காலம் ஊருக்கும் அக்கரைக்கும் இடையே கப்பலும் ஓடவில்லை, மணியார்டரும் வரவில்லை.

அந்த மூன்றரை ஆண்டு நம் வீடுகளில் வாய்ச்சொல்லாக மட்டுமே இருக்கிறது. சொன்னவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். சேலைக்கு ஃபால்ஸ் வைக்கத் தெரிந்த யாரும் அதைத் துணியில் பதித்து வைக்கலாம் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. ஃபால்ஸ் வைக்கத் தெரியாதவர்களும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆண்களும்தான்.

துணியில் ஏன்? சாங்கி சிறையில் நடந்தது

1942 மார்ச்சில், சிங்கப்பூரில் அகப்பட்ட ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளுமாக நானூறு பேர் அளவில் சாங்கி சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். கணவன்மார் அதே சிறையின் இன்னொரு பக்கத்திலோ போர்க்கைதி முகாமிலோ இருந்தார்கள். பேச முடியாது, எழுத முடியாது. எதெல் மல்வேனி என்ற கனடாக்காரப் பெண் ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கு ஒரு சதுரத் துணி, அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்று, கூடவே தன் பெயர். எல்லாவற்றையும் இணைத்து விரிப்பாக்கி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கொடுப்பது.

அப்படி உருவான விரிப்புகளில் மூன்று இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒன்று பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கு, ஒன்று ஜப்பானியச் சிப்பாய்களுக்கு. காவலர்கள் தடுக்காமல் விட்டதற்கு அந்த மூன்றாவது விரிப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆஸ்திரேலிய விரிப்பும் ஜப்பானிய விரிப்பும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் விரிப்பு பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. பூ, கப்பல், வரைபடம், சிறை அறை என்று ஆளாளுக்கு ஒன்று தைத்தார்கள். அவற்றைப் பார்த்த கைதிகளுக்குப் படத்தைவிடப் பெயர்தான் பெரிது. பெயர் இருந்தால் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம்.

அதே சிறையில் இருந்த சிறுமிகள், தங்கள் சாரணியர் தலைவி எலிசபெத் என்னிஸுக்குப் பிறந்தநாள் பரிசாக, அறுகோணத் துண்டுகளை ஒட்டித் தங்கள் பெயர்களைத் தைத்து ஒரு விரிப்பு செய்தார்கள். அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாங்கியிலிருந்து சில மைல் தள்ளியிருந்த தஞ்சோங் பகாரில் நம் பெண்களும் அதே மூன்றரை ஆண்டைக் கழித்தார்கள். அவர்கள் பெயர் தாங்கிய துணி ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. கடையநல்லூரில் தறி சத்தம் கேட்காத தெரு இல்லை என்ற காலம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ஊரின் கதை துணியில் இல்லாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

படி 1: ஒரு வீடு, பன்னிரண்டு கட்டம்

ஊர் முழுவதன் சரித்திரத்தையும் தைக்கக் கிளம்பாதீர்கள். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீடாக இருந்தால் நல்லது. முதல் முயற்சிக்குப் பன்னிரண்டு கட்டம் போதும்: அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு. கட்டத்துக்கு எட்டு அங்குலம் என்றால் முடித்தபின் 24 அங்குல அகலமும் 32 அங்குல நீளமும் வரும். சுவரில் மாட்டலாம், சுருட்டிப் பீரோவிலும் வைக்கலாம்.

சிங்கப்பூர்த் தொடர்பு இல்லாத வீடா? 1942இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் தாண்டி நடந்து வந்தவர், மலாயா ரப்பர் தோட்டத்தில் இருந்தவர், இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர், பிரிட்டிஷ் படையில் ஒப்பந்தமாகிப் போனவர் என்று யாராவது ஒருவர் மூன்று தலைமுறைக்குள் தட்டுப்படுவார். இல்லாவிட்டால் ரேஷன் கடை வரிசையும், பர்மா அரிசி வராமல் சோறு சுருங்கிய கதையும் எல்லா வீட்டுக்கும் சொந்தம்.

படி 2: கேட்பது

தையலைவிட இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். 1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டியிருக்கும். ஆகவே நேரில் பார்த்தவர் கிடைப்பது அபூர்வம். "உம்மா சொல்லுவாங்க", "எங்க ஆச்சி சொல்லுவா" என்று தொடங்குகிறவர்கள்தான் கிடைப்பார்கள். அதுவும் சாட்சியம்தான்.

சம்பவத்தைக் கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள். "போர் சமயத்தில் என்ன நடந்தது?" என்றால் "என்ன நடந்துச்சு, கஷ்டந்தான்" என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும். "தாத்தா கொண்டுவந்த பெட்டி எந்த நிறம்?", "கடைசியா வந்த மணியார்டரை யார் கையெழுத்துப் போட்டு வாங்கினது?", "பணம் நின்னதும் வீட்டில எதை முதல்ல வித்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பாம்படத்தை விற்ற கதை வரும். யாரிடம் விற்றார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள், யார் அழுதார்கள் என்று தானாகவே நீளும். சிங்கப்பூரில் இருந்த குடும்பம் என்றால் மரவள்ளிக்கிழங்கைக் கேளுங்கள், வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கேளுங்கள். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருக்கும். 1945இல் அது வெறும் காகிதமாகிவிட்டது. சாக்குச் சாக்காக வைத்திருந்ததைப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்த கதை பல வீடுகளில் உண்டு.

அனுமதி கேட்டுக்கொண்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். பேசுகிறவர் நிறுத்தினால் நீங்கள் நிரப்ப வேண்டாம், காத்திருங்கள்.

ஒன்றில் மிகவும் கவனம் வேண்டும். கப்பல் நின்ற அந்தக் காலத்தில் அக்கரையில் இன்னொரு குடும்பம் உண்டானவர்கள் இருந்தார்கள். திரும்பியே வராதவர்களும் இருந்தார்கள். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாத சங்கதி வெளியே வரும். அதைத் துணியில் ஏற்றுவதா வேண்டாமா என்பதை அந்த வீட்டார் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

படி 3: சரிபார்ப்பது

தைத்ததைப் பிரிப்பது பெரிய வேலை. அதனால் ஊசி எடுக்குமுன் சில விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஊரைக் காட்டத் தென்காசிக் கோபுரத்தைத் தைக்கத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 1942இல் அந்தக் கோபுரம் இன்றைய உருவத்தில் இல்லை. சிதைந்து பிளந்து நின்றது, மொட்டைக் கோபுரம் என்றே பெயர். இப்போது நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் புதிதாக எழுப்பப்பட்டு 1990இல்தான் குடமுழுக்கு நடந்தது. ஆகவே ஜப்பான் கால ஊரைத் தைக்கிறவர்கள் மொட்டைக் கோபுரத்தைத்தான் தைக்க வேண்டும். செங்கோட்டையும் அப்படியே. அது அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956இல்தான் நம் பக்கம் சேர்ந்தது. தென்காசியே அன்று திருநெல்வேலி ஜில்லா, தனி மாவட்டமானது 2019இல். வரைபடம் தைத்தால் இந்த எல்லைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் தைப்பதாக இருந்தால் ரஜூலா நல்ல தேர்வு. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. போர்க்காலத்தில் படையினரை ஏற்றிச் சென்றது, பின்பு மறுபடி பயணிகளுக்கு வந்து 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் புகைப்படங்கள் எளிதாகக் கிடைக்கும். உங்கள் தாத்தா போனது ரஜூலாவில்தானா என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பல வீடுகளில் எல்லாக் கப்பலுக்கும் ரஜூலா என்றே பெயர்.

இந்தியத் தேசிய ராணுவம் என்றால் எந்த ஆண்டு என்று பாருங்கள். மோகன் சிங் தலைமையில் உருவானது 1942. சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து பொறுப்பேற்றது 1943 ஜூலை. ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது அந்த ஆண்டு அக்டோபர். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய அந்தப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். படத்தைப் பார்க்காமல் சீருடையைத் தைக்காதீர்கள்.

சயாம் மரண ரயிலுக்குப் போனவர் என்றால் விஷயம் கனமானது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் பாதையை 1942 கடைசியிலிருந்து 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர் அளவில். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல், அதில் மலாயாத் தமிழர் மிகப் பெரிய பங்கு. இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் கிடையாது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெயர் போயிருந்தால், அதைத் தைக்கிற ஊசிதான் அந்தப் பட்டியலின் முதல் வரி.

சிப்பாயாகப் போய் இறந்தவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் உள்ள 24,000க்கும் மேற்பட்ட பெயர்களும் அதில் உண்டு. நம் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்து நாலைந்து விதமாகத் தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1981 முதல் ஜப்பானிய ஆட்சிக் காலம் பற்றிய வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்திருக்கிறது. தமிழில் பேசியவையும் அவற்றில் உண்டு. உங்கள் வீட்டுக் கதைக்குப் பக்கத்துக் கதையை அங்கே கேட்கலாம்.

ஆவணமும் ஆச்சி சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால்? இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி சொன்னதைத் தைத்து, கீழே "ஆச்சி சொன்னது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 4: எதைப் படமாக்குவது

பீரங்கி, விமானம், புகைமூட்டம் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. அவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் மட்டும் இருப்பது தகரப் பெட்டி, அம்மி, விற்ற பாம்படம், தபால்காரர் நிற்காமல் போன வாசல்படி. பிரான்ஸின் பாயோ துணி எழுபது மீட்டர் நீளத்துக்கு 1066ஆம் ஆண்டுப் போரைச் சொல்கிறது. அதில் குதிரையும் வாளும் எத்தனையோ இருந்தும், சமைக்கிறவர்களையும் கப்பலுக்கு மரம் வெட்டுகிறவர்களையும் பார்த்துத்தான் அந்தக் காலம் நமக்குப் புரிகிறது. சிலியில் 1973க்குப் பின் ராணுவ ஆட்சி கொண்டுபோன பிள்ளைகளைத் தேடிய தாய்மார், கந்தல் துணிகளை ஒட்டித் தங்கள் தெருவையும் சமையல் கூடத்தையும் காலி நாற்காலியையும்தான் தைத்தார்கள். அரசாங்கம் அதற்கே பயந்தது.

வரையத் தெரியாது என்று தயங்குகிறவர்கள் குற்றாலம் சித்திர சபைக்கு ஒருமுறை போய் வாருங்கள். அருவிக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. சுவரோவியங்களின் முன் நின்று இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். ஒன்று, உருவத்தைக் கோடு கட்டிப்போடும் விதம்: நிழல் வேலைப்பாடு கிடையாது, ஒரே வண்ணம், சுற்றிலும் அழுத்தமான கோடு. இரண்டு, முக்கியமான உருவம் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் இருப்பது. தையலுக்கு வேண்டியதும் இவ்வளவுதான். தபால்காரர் வராததுதான் கதை என்றால் வாசல்படியைப் பெரிதாக வையுங்கள்.

பன்னிரண்டில் இரண்டு கட்டத்தைக் கடிதம் வராத காலத்துக்கு ஒதுக்கலாம். வெறுமனே விட்டால் வேலை முடியாததுபோல் தெரியும். துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடுங்கள். தூரத்தில் வெறும் துணி, கிட்ட வந்தால் தையல்.

படி 5: வாங்க வேண்டியவை

ஒன்றரை மீட்டர் காடா துணி. தென்காசிக் கடைவீதியில் எந்த ஜவுளிக்கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வாங்கியதும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயவைத்துத் தேயுங்கள். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கும். இதைச் செய்யாமல் தைத்தால் பின்னால் ஒரு துவைப்பில் எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

எம்பிராய்டரி நூல் ஒரு கண்டில் எட்டு மீட்டர், ஆறு இழை சேர்ந்தது. கறுப்பு, செங்கல் சிவப்பு, கருநீலம், இலைப்பச்சை, மஞ்சள், வெள்ளை ஆகிய ஆறு நிறம் போதும். நிறம் கூடக்கூடப் புதியவர்களுக்குக் குழப்பம்தான். ஆறு அங்குல ரிங் ஒன்று, நீளக் காது உள்ள எம்பிராய்டரி ஊசி ஒரு பாக்கெட், சின்னக் கத்தரி, மஞ்சள் கார்பன் தாள்.

சிவப்பிலும் கருநீலத்திலும் சாயம் போகலாம். ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை விழுந்தால் அந்தக் கண்டை ஒதுக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் முக்கினால் சாயம் நிற்கும் என்பார்கள், இன்றைய சாயங்களுக்கு அதை நம்ப முடியாது.

படி 6: வெட்டி, படத்தை இறக்குவது

கட்டத்தைப் பத்து அங்குலமாக வெட்டுங்கள். ரிங்கில் மாட்டவும், தைக்கும்போது சற்று இழுத்துக்கொள்வதற்கும் இடம் வேண்டும். தைத்து முடித்தபின் ஒன்பது அங்குலமாக நறுக்கினால், சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போய் எட்டு நிற்கும். படத்தைத் தாளில் வரைந்து, கார்பனை இடையில் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் மேலே ஓட்டுங்கள். கார்பன் வேண்டாம் என்பவர்கள் ஜன்னல் கண்ணாடியில் தாளையும் துணியையும் சேர்த்து ஒட்டிவைத்துப் பென்சிலால் மெல்ல வரையலாம்.

படி 7: மூன்று தையல், ஒரு முடிச்சு

நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமாக எடுத்தால் அடிக்கடி கோர்க்க வேண்டாம் என்று தோன்றும். ஆனால் முறுக்கேறிச் சிக்குப் போட்டு, காடாவில் உரசி இழை பிய்ந்துபோகும். ஆறு இழையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, மூன்றைச் சேர்த்துக் கோருங்கள். எழுத்துக்கு இரண்டு இழை போதும்.

ஓட்டுத் தையல் எல்லோருக்கும் தெரியும். காம்புத் தையல் கோடுகளுக்கு: ஊசியை முன்னால் குத்தி, பாதி தூரம் பின்வாங்கி எடுத்து, நூலை எப்போதும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் கயிறு முறுக்கியதுபோல் கோடு வரும். அம்மி, பெட்டி, கப்பல் எல்லாவற்றின் வெளிக்கோடும் இதிலேயே முடியும். சங்கிலித் தையல் தடித்த கோட்டுக்கும், வரிசைகளை நெருக்கிப் போட்டு இடத்தை நிரப்புவதற்கும். முடிச்சுத் தையல் புள்ளிகளுக்கு: நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, வெளிவந்த இடத்துக்கு ஒட்டிய இடத்தில் இறக்குவது. இறக்கும்போது இடது கையால் நூலை இழுத்துப் பிடிக்காவிட்டால் முடிச்சு தளர்ந்துவிடும். ஒரு துண்டுத் துணியில் பத்து முடிச்சு போட்டுப் பழகிவிட்டு அசலுக்கு வாருங்கள்.

பின்பக்கம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நூலைத் தாவவிட வேண்டாம். காடா மெலிசு, கறுப்பு நூல் முன்பக்கம் நிழலடிக்கும். முடித்து வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

படி 8: தமிழ் எழுத்தைத் தைப்பது

பெயர் இல்லாத கட்டம் வேண்டாம். சாங்கியில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் அது.

நம் எழுத்து வளைவு மிகுந்தது. முக்கால் அங்குலத்துக்குக் குறைவான உயரத்தில் தைத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ண-வும் ன-வும் ஒன்றுபோலத் தெரியும். வளைவு வரும் இடத்தில் தையலைக் குட்டையாக்குங்கள், நேர்கோட்டில் நீட்டலாம். காம்புத் தையலில் வளைவின் உள்பக்கம் ஒரு மயிரிழை நெருக்கிக் குத்தினால் சுழி வட்டமாக வரும். மெய்ப்புள்ளிக்கு முடிச்சுத் தையல். இது விட்டுப்போனால் பெயரே மாறிவிடும், கடைசியில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பெயரை வீட்டில் எப்படி எழுதினார்களோ அப்படியே தையுங்கள். பழைய கடிதத்தில் கையெழுத்து இருந்தால் கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, அந்தக் கையெழுத்தையே துணியில் இறக்குங்கள். அச்செழுத்தைப் பின்பற்றுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அரபுத்தமிழில் எழுதிய கடிதம் கிடைத்தால் அதையும் அப்படியே. பாட்டிமார் பெயரைத் தேடிப் பிடியுங்கள். பல வீடுகளில் போன ஆணின் பெயர் இருக்கும், காத்திருந்த பெண்ணின் பெயர் யாருக்கும் உடனே வாயில் வராது.

படி 9: பழைய துணியைச் சேர்ப்பது

ஆச்சியின் சேலை, தாத்தாவின் சாரம் இருந்தால் அதிலிருந்து ஒரு துண்டு ஒட்டுத்துணியாக வைக்க ஆசை வரும். நியாயமான ஆசை. ஆனால் வீட்டில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்றால் கத்தரி வைக்காதீர்கள். அதை முழுசாகப் பத்திரப்படுத்திவிட்டு, அதே கட்டம்போட்ட வேறு சாரத்துணி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டலாம் என்று முடிவானால், நைந்த துணிக்கு அடியில் மெல்லிய லைனிங் வைத்து நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் ஒன்றாக்குங்கள். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா தைப்பது இப்படித்தான். அதன்பின் உருவத்தை ஓரம் கால் அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, ஃபால்ஸ் வைப்பதுபோல் கண்ணுக்குத் தெரியாத சிறு தையலில் காடாமேல் பொருத்துங்கள்.

படி 10: இணைப்பதும் முதுகுத்துணியும்

கட்டங்களைத் தரையில் பரப்பி இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள், வருகிறவர்களும் பார்க்கட்டும். வரிசை மாறும். பிறகு மும்மூன்றாக இணைத்து நான்கு பட்டைகளாக்கி, பட்டைகளைச் சேருங்கள். இதற்கு மிஷின் தையல் தவறில்லை. முதுகுக்கு ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டு, 26க்கு 34 அங்குலம். அதை முன்பக்கம் மடித்துக் கரையாக்கி எம்மிங் செய்துவிட்டால் ஓரமும் முடிந்தது. மேலே மாட்டுவதற்கு நீளப் பை ஒன்று தைத்து அதில் கம்பு செருகுங்கள். மூலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் நாளடைவில் இழுத்துக் கிழியும்.

முதுகில் ஒரு துணிச்சீட்டு தைக்க வேண்டும்: எந்த வீடு, யார் சொன்னது, யார் தைத்தது, எந்த ஆண்டு, எதற்காக. சாங்கிப் பெண்கள் விரிப்பின் பின்னால் யாருக்குக் கொடுக்கிறோம் என்றும், போர் முடிந்ததும் எந்தச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்றும் தைத்தார்கள். இதைத் துவைக்காமல் டிரை கிளீன் செய்வது நல்லது என்றும் சேர்த்துத் தைத்தார்கள். சிறையில், நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத நிலையில், அந்தத் துணி தங்களுக்குப் பின்னும் இருக்கும் என்று அவ்வளவு திடமாக நம்பியிருக்கிறார்கள்.

படி 11: சாரலிலிருந்து காப்பது

ஜூன் தொடங்கிவிட்டால் நம் பக்கம் துணிக்குச் சத்துரு ஈரம்தான். குற்றாலத்திலும் மேலகரம், இலஞ்சிப் பக்கமும் சீசன் சமயத்தில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். அந்த மூன்று மாதமும் துணியைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். மடித்தால் மடிப்பில் இற்றுப்போகும், ஆகவே துவைத்த வெள்ளைத் துணி சுற்றிய அட்டைக் குழாயில் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, மேலே இன்னொரு பருத்தித் துணி சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, உள்ளேயே வியர்க்கும். அந்துருண்டையோ வேப்பிலையோ வைப்பதானால் தனிப் பையில் கட்டிப் பக்கத்தில் வையுங்கள், துணிமேல் படக்கூடாது. மழை விட்ட ஒரு காய்ந்த நாளில் எடுத்து நிழலில் ஆறப்போடுங்கள். நேர்வெயில் நூலின் நிறத்தைத் தின்றுவிடும்.

படி 12: அக்கரைக்கும் சொல்வது

முடித்ததை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்திலோ ஜமாத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஒருநாள் மாட்டி ஊரைக் கூப்பிடலாம். மாட்டினால் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வையுங்கள். பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக் கதையை எழுதிவிட்டுப் போவார்கள், அடுத்த விரிப்புக்கு அதுவே தொடக்கம்.

சிங்கப்பூரில் தங்கிவிட்ட கிளைக்கும் இதில் பங்கு கேளுங்கள். போர் முடிந்த மறுவருடமே, 1946இல், கடையநல்லூர்க்காரர்கள் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதில் படித்த பேரன் பேத்திகள் இன்று எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது காத்திருந்தவர்களின் கதை, அவர்களிடம் இருப்பது அங்கே பட்டினி கிடந்தவர்களின் கதை. கட்டங்களை இணைப்பதற்கு முன்பே, துவைத்துத் தேய்த்த காடாவில் மூன்று கட்டம் வெட்டி, அளவையும் நூல் நிறங்களையும் எழுதி, ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அவை தைத்து வரும்வரை நான்காவது பட்டையை இணைக்காமல் வைத்திருக்க வேண்டும்.